ஒரு பாட்டு அதிகம்

ஜூன் 4

கடல் தாண்டிய அக்காவுக்கு,

உன் பெட்டி வந்தது. ஒரு இசைத்தட்டில்கூடக் கீறல் இல்லை. அப்பா எல்லாவற்றையும் கடையின் முன்வரிசையில் அடுக்கி, "உள்ளூர்த் தட்டைவிட ஒரு பாட்டு அதிகம்" என்று அட்டை எழுதி வைத்துவிட்டார். உள்ளூர் கம்பெனி தன் தட்டில் வெட்டி எறிந்த அந்த ஒரு பாட்டுத் துண்டில் நாம் சட்டை தைக்கிறோம்.

அத்தானிடம் சொல்: நேற்று கடைக்குப் போன் போட்டுக் குரல் மாற்றிப் பேசியது பிரமாதம். போன மாதம் நீ சுங்க அதிகாரியாகப் பேசியதெல்லாம் இதற்கு முன் சும்மா. "வெளிநாட்டுத் தட்டு வருதாமே, யாரும்மா அனுப்புறாங்க?" என்றார், தொண்டையில் சிமெண்டு மூட்டையோடு. நான் விடுவேனா? "எங்க அக்காதான் சார், கடத்தல் ராணி. அடுத்த மாசம் நேர்லயே கொண்டு வர்றாங்க, மாலையோட வாங்க" என்றேன். மனுஷன் சிரிக்கவே இல்லை. நல்ல நடிகர்.

உன் வாலு

ஜூன் 15

வாலு,

அத்தான் போன் செய்யவில்லை. இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அப்படியென்றால் பேசியது யார்? அப்பாவிடம் உடனே சொல். தட்டுகளை உள்ளே எடுத்து வையுங்கள். காசு கொடுத்து வாங்கிய அசல் தட்டுதானே, இதில் என்ன தப்பு என்று எனக்கே விளங்கவில்லை. ஆனாலும் அந்த அட்டையைக் கிழித்துப் போடுங்கள். ஊருக்கு டிக்கெட் வேறு எடுத்தாகிவிட்டது.

அக்கா

ஜூன் 26

அக்கா,

உன் கடிதத்துக்கு முன்னால் போனில் பேசியவரே வந்துவிட்டார். உள்ளூர் கம்பெனியின் வக்கீல், கூட இரண்டு போலீஸ். தட்டு விற்றதைத் தட்டிக்கேட்க வந்தீங்களா என்று கேட்க வாய் திறந்தேன். அப்பா என் தோளை அழுத்தினார். மூடிக்கொண்டேன்.

"எல்லாம் ஒரிஜினல் சார், ஒண்ணுகூட காப்பி இல்ல" என்று அப்பா ஒவ்வொரு உறையாகப் பிரித்துக் காட்டினார்.

"யாரு இல்லேன்னாங்க? ஆனா இந்த நாட்டுல விக்கிற உரிமை எங்களுக்கு மட்டும்தான். எங்களைக் கேக்காம கொண்டு வந்தா, ஒரிஜினலும் திருட்டுச் சரக்குதான். யாரு அந்த அக்கா?" என்றார் வக்கீல்.

அனுப்பியவர் விமான நிலையத்தில் கால் வைத்ததுமே பிடிப்பார்களாம். பத்தாம் தேதி எங்களுக்கு விசாரணை. படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அம்மா விளக்கை அணைக்கிறாள்.

வாலு

ஜூலை 3

என் செல்லமே,

அனுப்பியது நான்தான் என்று சொல்லிவிடு. அப்பா தனியாக மாட்டக்கூடாது. நான் தூரத்தில்தானே இருக்கிறேன்.

அக்கா

ஜூலை 11

அக்கா,

நேற்று விசாரணையில் நீ சொன்னபடி செய்யவில்லை. "எனக்கு அக்காவே கிடையாது சார். ஃப்ரெண்டு கலாய்க்கிறான்னு நெனச்சுக் கதை விட்டேன்" என்றேன். வக்கீல் நம்பவில்லை. எதிர்க்கடை மூக்குக்கண்ணாடிக்காரரை வரவழைத்தார். உன் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய மனுஷன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "இது வாயைத் தொறந்தா புளுகுதான் சார். கண் டாக்டர் பேசுறேன்னு என்னை எங்கெங்கயோ அலையவிட்டுச்சு. வீட்டுக்கு ஒரே பொண்ணு, செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க."

வக்கீல் அப்பா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

அப்பா ஒரு விரலைக் காட்டினார். "ஒண்ணுதான் சார்."

கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். வழக்கு அப்பா பெயரில் மட்டும்.

விசாரிக்க வீட்டுக்கும் வருவார்களாம், என்றைக்கு என்று சொல்லவில்லை. அம்மா உன் கல்யாணப் படத்தைக் கழற்றினாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. காலண்டரை மாட்டிப் பார்த்தோம், முழுசாக மறைக்கவில்லை.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. இதற்குப் பதில் போடாதே. உன் கையெழுத்தைப் பார்த்தாலே தபால்காரர் "அக்கா லெட்டர்" என்று தெருவுக்கே கேட்கக் கூவுவார்.

இப்படிக்கு,
வீட்டுக்கு ஒரே பெண்