துரைக்கு உங்களைத் தெரியவில்லை

நம் மகளின் அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்களைப் பற்றி உங்கள் தங்கை வந்து சொன்னாள். நீங்கள் எங்களை விட்டுத் தேடிப் போன அந்த அம்மாள் உங்களை விட்டுப் போய்விட்டாராம். வெறும் வீட்டில் இருக்க முடியவில்லை, துரையாவது பக்கத்தில் இருக்கட்டும் என்று கேட்டீர்களாம். பூனையைத் தூக்கிப் போகப் புதுக் கூடையே வாங்கி வந்திருந்தாள். நான் தடுக்கவில்லை. டீ போட்டுக் கொடுத்து, "உங்க அண்ணனையே போன்ல கூப்பிடச் சொல்லு, வருதான்னு பாப்போம்" என்றேன்.

நீங்கள் "துரை, துரைக்கண்ணு" என்று கொஞ்சினீர்களே, அப்போது அவன் என்ன செய்தான் என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள். இளகிய மனசு. நான் சொல்கிறேன். தையல் மெஷினுக்குப் பின்னால், மூலையில், சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான். திரும்பவே இல்லை. காதில் கோளாறு இல்லை. தீனி டப்பாவைத் திறந்தால் ஓடி வருகிறான். உங்கள் குரல்தான் அவனுக்கு யாரோ ஒருவரின் குரலாகிவிட்டது.

பூனை டாக்டரிடம் முன்பே காட்டியிருந்தேன். வயதானால் பூனைக்கும் மூளை சுருங்குமாம். "மனுசங்களுக்கு வர்ற மறதி மாதிரிதாம்மா. ராத்திரி பகல் தெரியாது, சாப்பிட்டது தெரியாது, பழகின ரூமே புதுசாத் தெரியும்" என்றார். இருக்கும் இடத்தை மாற்றினால் இன்னும் மிரண்டுவிடுமாம். நான் அதைச் சொன்னதும் உங்கள் தங்கை கூடையை மடக்கிக்கொண்டாள்.

"நீ எவ்வளவு செஞ்சாலும் அது என்கிட்டதான் வரும்" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடிப்பீர்கள். உண்மைதான். நீங்கள் போன பிறகு, சாயங்காலமானால் வாசற்கதவின் எதிரே போய் உட்கார்ந்துகொள்வான். தட்டைத் தொடமாட்டான். அவனைத் தூக்கி வந்து படுக்க வைப்பது என் வேலை. உங்கள் மீது எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்தக் கதவடியில் வந்தது. இப்போது கதவு எங்கே இருக்கிறது என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. அன்று டாக்டர் வருத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது எனக்குள் என்னவோ குளிர்ந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

சில காலைகளில் என்னையும் தெரியவில்லை. பல்லைக் காட்டிச் சீறுவான். பிறகு விரலை முகர்ந்துவிட்டு மடியில் ஏறிச் சுருண்டுகொள்வான். நான் யாரென்றே தெரியாமல்தான் வருகிறான். எனக்கு அது போதும்.

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டேன். எந்த ஊர் என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

தனியாக இருப்பவர் வேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். துரைக்கு வந்த இந்த மறதி உங்களுக்கு மட்டும் வரவே கூடாது. நீண்ட காலம் இருங்கள், ஒன்றுவிடாமல் எல்லாம் ஞாபகத்தோடு.

இப்படிக்கு,
மகளின் அம்மா