சுபைதாவின் இடது கன்னம்

786
ஹம்பர்க் துறைமுகம்
12.09.1965

அன்புத் தங்கச்சி சுபைதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த முறை மருந்து பொய்க்காது! எங்கள் கப்பல் டாக்டரே எழுதித் தந்த களிம்பு. ஆறு டப்பா அனுப்புகிறேன். முகம் கழுவித் துடைத்து, காலையும் மாலையும் விரல் நுனியால் வட்டம் வட்டமாய்த் தேய். அழுத்தித் தேய்க்க வேணும், சும்மா தடவிவிட்டு ஓடக்கூடாது. தழும்பு முதலில் இளகும், பிறகு நிறம் மாறும் என்றார். வெயில் படவிடாதே.

பள்ளிவாசலில் வாங்கின நோன்புக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க வாளியில் ஆட்டிக்கொண்டு ஓடி வந்து, உன் கன்னத்திலும் கழுத்திலும் கொட்டினவன் நான். உனக்கு அப்போது ஏழு வயது. அந்தத் தழும்பைப் பார்க்க ஏலாமல்தான் பதினெட்டு வயதானதும் கப்பலேறினேன். ஒன்பது வருஷமாயிற்று. அது மறையட்டும், அடுத்த கப்பலிலேயே ஊருக்கு வருகிறேன். உம்மாவிடமும் சொல்லு.

உன் காக்கா
ஸெய்னுதீன்


786
கிண்ணியா
28.11.1965

அன்புள்ள காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். காக்கா, காக்கா, காக்கா! எதை முதலில் எழுதுவதென்றே தெரியவில்லை. எனக்குக் கலியாணம் பேசியாயிற்று! மாப்பிள்ளை பெயர் ஹிஸ்புல்லா. திருகோணமலைத் துறைமுகத்தில் படகோட்டி. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ். உம்மா மூன்று நாளாக ஒரு கறிக்கும் உப்புப் போடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது உங்கள் களிம்பு. தழும்பு போயே போய்விட்டது! இதற்கு முதல் நீங்கள் அனுப்பின ஒன்றும் சரிவரவில்லை. பக்கத்து வீட்டு ஆமினா உம்மா தந்த சுறா எண்ணெயைப் பூசி, நாலு நாள் ஊர்ப் பூனையெல்லாம் என் பின்னால் வந்ததுதான் மிச்சம். இது அப்படியில்லை. நம்பாவிட்டால் இத்தோடு படம் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

வாப்பா மௌத்தான பிறகு, நிக்காஹ்வில் எனக்காக நிற்க வேண்டிய வலீ நீங்கள்தான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து என்னைக் கொடுக்க வரவேணும். இனிச் சாட்டுச் சொல்ல ஏலாது!

உங்கள் வருகைக்காகத் துஆக் கேட்கும்
தங்கச்சி சுபைதா


786
லண்டன் துறைமுகம்
19.12.1965

என் தங்கத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். படம் கிடைத்தது! குசினியில் கப்பல்காரருக்குச் சமைக்க வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அதனால் நான் அழுததை ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை. கப்பல் முழுவதும் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். இவ்வளவு தூரம் போகுமென்று தானே நினைக்கவில்லை என்றார்!

வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இதே கப்பல் கொழும்புக்கு வருகிறது, அங்கே இறங்குவேன். நான்தான் வலீ, வேறெவனும் கிட்ட வரக்கூடாது! இனி உன் முகத்தைப் பார்த்துக் கதைக்கலாம். பதில் போடுவதென்றால், வழியில் கப்பல் நிற்கும் ஏடனில் எங்கள் ஏஜண்டின் விலாசத்துக்குப் போடு.

வந்துகொண்டேயிருக்கும்
உன் காக்கா


786
கிண்ணியா
10.01.1966

காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் வருகிறீர்கள் என்று உம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்கிறா. நான் நோன்பு திறந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். இதைச் சொல்லிவிடுகிறேன்.

தழும்பு போகவில்லை. படம் பிடித்த யோகலிங்கம் மாஸ்டர், நான் கேளாமலே, நெகட்டிவில் பென்சிலால் தீட்டி அதை மறைத்துவிட்டார். படத்தை வாங்கப் போனவுடன், "இது ஆருடைய படம்?" என்று சண்டை பிடித்தனான். "எல்லாப் பொம்பிளைப் பிள்ளையளுக்கும் இப்பிடித்தான் செய்யிறனான், தங்கச்சி" என்றார். கிழிக்கத்தான் போனேன். பிறகு, படத்தில் இருக்கிற இவளாவது என் காக்காவைக் கூட்டி வரட்டும் என்று அனுப்பிவிட்டேன். மன்னியுங்கள்.

உங்கள் களிம்பும் வீண்போகவில்லை. தேய்த்துத் தேய்த்து இறுகின தோல் இளகிவிட்டது. இப்போது கழுத்தை வலப்பக்கம் முழுக்கத் திருப்புகிறேன்! நிறம் மட்டும் அப்படியே. ஹிஸ்புல்லா தோணியில் என்னையும் தழும்பையும் கண்டுதான் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். பார்க்க ஏலாதவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

எனக்குக் கஞ்சி கொட்டினதற்குக் கோபமில்லை. ஒன்பது வருஷம் வராததற்குத்தான் கோபம். நிக்காஹ் பதிவில் பொம்பிளைக்காகக் கையொப்பம் வைப்பது வலீதானே. அன்றைக்குக் கொட்டின அதே கை வந்து வைக்கட்டும். வேறு ஆள் வைக்கிறதென்றால் எனக்குக் கலியாணமே வேண்டாம், ஓம்!

சுபைதா


786
கொழும்பு
14.02.1966

சுபைதா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் ஏடனில் கிடைத்தது. ஏமாத்திப்போட்டாளே என்று எனக்கு வந்த கோபத்தில், அன்றைக்குக் கப்பல் முழுவதும் கருகின சோறுதான் தின்றது. வேலையை விடவில்லை, கப்பலிலேயே இருக்கிறேன் என்று சொல்லக் கப்டனிடம் போனேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். கஞ்சி கொட்டின கை என்று நீ எழுதினாயே, அதே கை. தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு மூன்று நாள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வடிவான பிள்ளைதான். ஆனால் எனக்குத் தெரியாத பிள்ளை. நான் இடுப்பில் தூக்கித் திரிந்த சுபைதாவை அதில் காணவில்லை.

வியாழக்கிழமை காலை ரயிலில் திருகோணமலையில் வந்து இறங்குகிறேன். மருந்து ஒன்றும் கொண்டு வரவில்லை. உனக்கும் உம்மாவுக்கும் உடுப்பு, மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம், அவ்வளவுதான். ஸ்டேஷனுக்கு நீயும் வா. முக்காட்டால் கன்னத்தை மறைக்காதே.

எனக்குப் பயமாய் இருக்கிறது, தங்கச்சி. நான் குனிந்துகொண்டே நின்றால், நாடியைப் பிடித்து என் முகத்தை நிமிர்த்திவிடு.

உன் காக்கா
ஸெய்னுதீன்