கடைசி இடத்துக்கு நடந்த போட்டி

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் வலது தோளைத் தவிர. அங்கே நீயும் தங்கச்சியும் நலம்தானே? அவள் முதுகுவலிக்கு நல்ல மெத்தையாக ஒன்று வாங்கச் சொல்லியிருந்தேனே, வாங்கினாயா? ஊருக்கெல்லாம் சோபாவும் மெத்தையும் தைத்துக் கொடுக்கிறவனின் தங்கை முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தால், பார்க்கிறவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் "ஞாயிற்றுக்கிழமை பந்தயம்" என்று வாயைத் திறந்தாலே, "காத்து எந்தப் பக்கம்?" என்று குறுக்கே பாய்வாய். அப்புறம் நான் சொல்ல வந்தது என் தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதம் என்றால் நீ வாயை மூடிக்கொண்டு கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் படகை விற்கச் சொல்லி இரண்டு வரி எழுதியிருந்தாய். சும்மா கிடந்து வீணாகிறதாம், நல்ல ஆள் கிடைத்தால் கொடுத்துவிட வேண்டுமாம். பதவி உயர்வு வாங்கிக்கொண்டு, ஏரியும் இல்லாத குளமும் இல்லாத அந்த ஊருக்குக் கிளம்பியபோது என்ன சொன்னாய்? இரண்டே வருடம், திரும்பி வந்துவிடுவேன் என்றாய். கொட்டகையில் உன் படகு கிடக்கிற வரையில் நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது விற்கச் சொன்னால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? தங்கச்சியைக் கேட்டால், "அவரையே கேளுண்ணா" என்று போனை வைத்துவிடுகிறாள்.

ஆள் கிடைக்காமல் இருந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். கிடைத்துவிட்டாரே, அதுதான் வினை. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அந்த அம்மாதான். இந்த வருடம்தான் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். வாங்குவதற்கு முன்னால் ஒரு பந்தயத்தில் ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். வண்டி வாங்குகிறவர்கள் ஓட்டிப் பார்ப்பதில்லையா, நியாயம்தான். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. படகு சரியாக ஓடவில்லை என்றால் அந்த அம்மா வாங்க மாட்டார். வாங்காவிட்டால் படகு இங்கேயே கிடக்கும். என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "வித்தா ஒருத்தர் வித்துட்டுப் போறார், வாங்கினா ஒருத்தர் வாங்கிட்டுப் போறாங்க, நடுவுல உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

உனக்கு வரும் கடிதத்தை முதலில் பிரிப்பது தங்கச்சிதான் என்று எனக்குத் தெரியும். ஆகையால் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். பாய்ப்படகு காற்றுக்கு எதிரே நேராகப் போகாதும்மா. இடப்பக்கம் கொஞ்ச தூரம், திருப்பி வலப்பக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். அப்போது முன்னால் போகிறவன், பின்னால் வருகிறவனுக்கு வரும் காற்றைத் தன் பாயால் மறித்துக்கொண்டே போகலாம். அவன் திரும்பினால் இவனும் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். பின்னால் வருகிறவன் படகு சோர்ந்து போகும். உன் புருஷன் இத்தனை வருடமாக எனக்குச் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. புறப்படும்போது நான் மூன்றாவதாக இருந்தேன், சத்தியமாக. முன்னால் பேக்கரிக்காரரும் பல் டாக்டரும் மட்டும்தான். அந்த அம்மா உன் படகில் எனக்குச் சற்றுப் பின்னால். நான் அவர் காற்றை மறித்துக்கொண்டு உட்கார்ந்தேன். படகு தளர்ந்தது. என் திட்டம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். உடனே அவர் படகைத் திருப்பினார். நானும் திருப்பினேன். மறுபடியும் திருப்பினார். ஆகா, இந்த அம்மா சாதாரண ஆள் இல்லை, ஆட்டம் காட்டுகிறார் என்று நானும் விடாமல் திருப்பினேன். விஷயம் என்னவென்றால் மச்சான், ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடுகிறவருக்குத் தன் கண்ணாடியில் தண்ணீர் தெறித்தால் ஒன்றும் தெரியவில்லை. அதைத் துடைக்கும்போதெல்லாம் சுக்கான் கையைவிட்டு நழுவி, படகு தானாகவே திரும்பியிருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதற்குள் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். நாம் தூங்குமூஞ்சி என்று கூப்பிடுவோமே, அந்தக் கணக்கு வாத்தியார், பிறந்ததிலிருந்து கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர், அவரும் தாண்டினார். தாண்டும்போது, "என்ன சார், படகுல ஓட்டை விழுந்துடுச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார். எனக்கு உன் படகின் பாயைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. கிழிசலுக்கு நான் வைத்துத் தைத்த நீல ஒட்டோடு அது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, எதற்காக இதைச் செய்கிறேன் என்பதே மறந்துவிட்டது. அங்கே உட்கார்ந்திருப்பது நீதான் என்று என் கை நினைத்துக்கொண்டது. உன்னை முன்னால் விடக் கூடாது, அவ்வளவுதான்.

முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிந்தபோது மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அந்த அம்மா மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார், படகு திரும்பியது. போதும், இந்த ஒரு தடவை நான் திரும்ப மாட்டேன், நேராகப் போய்க் கோட்டைத் தொட்டுவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் மறுபடி திரும்பி எனக்குக் குறுக்கே வந்தார். காற்று அவர் படகுக்கு வலப்பக்கத்திலிருந்து, என் படகுக்கு இடப்பக்கத்திலிருந்து. விதிப்படி நான்தான் விலக வேண்டும். "சார், வழி விடுங்க!" என்று கூவினார், அதுவும் ரொம்ப மரியாதையாக. நான் ஒதுங்கி அவர் படகுக்குப் பின்னால் புகுந்தேன். அதில் அரைப்படகு தூரம் போனது.

அவர் கோட்டின் இடது முனைக்கு, நான் வலது முனைக்கு. என் பக்கத்தில் சிவப்பு மிதவை, அவர் பக்கத்தில் நேரம் பார்க்கிற மாட்டு டாக்டரின் படகு. டாக்டரோ பந்தயம் முடிந்துவிட்டதென்று நினைத்து, ஊதலைப் பையில் போட்டுவிட்டு பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார். கரையில் எல்லோரும் எழுந்து நின்று கத்தியதைக் கேட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார். டீயைத் தன் கால்சட்டையிலேயே கொட்டிக்கொண்டு ஊதினார். கோட்டின் எந்த முனை பக்கத்தில் இருக்கிறதென்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! நான் பார்க்கவில்லை. இடது முனைதான் பக்கம். ஒரு மூக்கு நுனி வித்தியாசத்தில் அந்த அம்மா முந்திவிட்டார். நான் கடைசி. முதல் இடம் வந்த பேக்கரிக்காரருக்குக்கூட அவ்வளவு கைத்தட்டல் இல்லை.

கரையேறியதும் அந்த அம்மா நனைந்த கோலத்தோடு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "புதுசா வந்தவங்களுக்கு யாரு சார் இப்படிக் கூடவே வந்து வழி காட்டுவாங்க? நான் திரும்பினப்பெல்லாம் நீங்களும் திரும்பினீங்களே! இந்தப் படகு எனக்கு வேணும் சார்" என்றார். என் வீட்டுக்காரி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அம்மா, நான் வழி காட்டல, வழிய மறிச்சேன்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "அவருக்கே எழுதிக் கேளுங்க. திரும்பி வர்றவரோட படகு எனக்கு வேணாம். வர மாட்டார்னா எனக்கே குடுங்க" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம். அவர் நல்ல மனுஷி, படகை நன்றாகப் பார்த்துக்கொள்வார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீ வரவில்லை என்றால் நானே பாயைக் காயவைத்து, மடித்து, அவர் கையில் கொடுக்கிறேன். ஆனால் வர மாட்டேன் என்றால் வர மாட்டேன் என்றே எழுது. பாவம், அந்தப் படகின் மேல் பழியைப் போட்டு எழுதாதே. உனக்கு அங்கே வேலை பிடித்திருக்கலாம், தங்கச்சிக்கும் அந்த ஊர் பழகியிருக்கலாம். அப்படி இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். வருத்தமும்தான். இரண்டையும் நான் சமாளித்துக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் சமாளிக்க முடியவில்லை.

அந்த அம்மா அடுத்த ஞாயிறு வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். தங்கச்சியைக் கனமாக எதையும் தூக்க விடாதே. இரண்டு பேரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள், எந்த ஊரில் இருந்தாலும்.

இப்படிக்கு,
உன்னைத் தவிர வேறு யாரிடமும் தோற்க மனமில்லாத
மச்சான்