நிமிர்ந்த கதிர்கள்

12-12-1969
எங்கள் குத்தகை நெல்வயலை வெள்ளை வேட்டித் துணியில் தைத்து முடித்துவிட்டேன். மூன்று மாத வேலை. பச்சை நூலில் பயிர்த்தாள், மஞ்சள் நூலில் கதிர், எல்லாம் நெட்டுக்குத்தாக. அவர் பார்த்துச் சிரித்தார். "மணி பிடிச்சா தலை சாஞ்சுல்ல நிக்கும்? நிமிந்து நின்னா பதரு. உன் வயல்ல ஒரு மரக்கா நெல்லு தேறாது."

சித்திரையில் கல்யாணமாகி வந்த கோடியக்கரை உப்பளத்துப் பெண்ணுக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? கோபம்தான். ஆனாலும் ஊசியை எடுத்தேன்.

15-12
கிழக்கு ஓரத்திலிருந்து தையலைப் பிரித்து, ஒவ்வொரு கதிராகத் தலை சாய்க்கிறேன். நூலை இழுக்கும்போது வாய்க்கால் நழுவுகிற சத்தம் கேட்கிறது. சோறு அடிப்பிடித்துவிட்டது.

20-12
மிராசுதாரின் காரியஸ்தர் பக்கிரி வந்தார். குத்தகைதாரர் பெயரைப் பதியச் சொல்லி என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தது தெரிந்துவிட்டது. "மனுவ வாபஸ் வாங்கிடுங்க தம்பி. இல்லேன்னா வாய்க்கா மதகு தொறக்காது."

"முடியாதுங்க." இவர் அவ்வளவுதான் சொன்னார்.

கதிர் வெளிவருகிற நேரம். இப்போது தண்ணீர் நின்றால் பால் பிடிக்காதாம்.

21-12
மதகை அடைத்துவிட்டார்கள்.

29-12
குளத்திலிருந்து இரண்டு பேரும் இறைகூடையால் இறைக்கிறோம். கயிறு பிடித்து உள்ளங்கை உரிந்துவிட்டது, ஊசி பிடிக்க முடியவில்லை. தண்ணீர் கிழக்குப் பாதியைத் தாண்டவில்லை.

கண்ணை மூடினால் வயலும் துணியும் ஒன்றாகிவிடுகின்றன. குளத்து நீர் என் தையல் வழியே மெல்ல ஏறி வருகிறது, பாதித் துணியில் நின்றுவிடுகிறது. நான் ஊசியால் இழுத்துப் பார்க்கிறேன். வரவில்லை. பயமா இருக்கு. வயல் போச்சுன்னா எங்க போறது?

14-1-1970
பொங்கல். துணி அரைகுறையாகத் தொங்குகிறது. கிழக்கே சாய்ந்த கதிர், மேற்கே பழைய நிமிர்ந்த கதிர். பார்க்கவே வெட்கம்.

30-1
பதிவாகிவிட்டது. குத்தகைதாரர்: சாரங்கபாணி. இவர் பெயரேதான். அந்தத் தாளை நான்கு முறை படிக்கச் சொன்னார்.

3-2
அறுவடை. வரப்பில் நின்றேன். கிழக்குப் பாதி தலை கவிழ்ந்து கனத்துக் கிடந்தது. மேற்கே எல்லாம் நிமிர்ந்து, வெயிலில் வெளுத்து, காற்றுக்கு இலேசாக ஆடியது. அழகாகத்தான் இருந்தது. ஒரு கதிரைக் கசக்கினேன். உமி.

வீட்டுக்கு வந்து, மிச்சத்தைப் பிரிக்கத் துணியை மடியில் விரித்தேன். அவர் கால் கழுவிவிட்டு வந்து வெகுநேரம் அதையே பார்த்தார். சிரிக்கவில்லை.

"இன்னும் வேல இருக்கா?"

"இல்லீங்க. முடிஞ்சிருச்சு."

மேற்குக் கதிர்களை அப்படியே விட்டு, முடிச்சுப் போட்டு நூலை அறுத்தேன்.