பத்தாம் மாதம் மூடும் பட்டறை

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, அதை எழுதாமல் விட்டால் கடிதத்தைத் திரும்ப எழுதச் சொல்வாள். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நினைக்கிறோம். மாடி வீட்டுக்காரர் ஒருவழியாகக் குழாயைச் சரிசெய்துவிட்டார், பட்டறையில் இப்போது தண்ணீர் சொட்டுவதில்லை. பாட்டு வாத்தியாருக்குப் புதுப் பல் செட் மாட்டியாயிற்று, மனுஷன் எந்நேரமும் சிரித்துக்கொண்டே திரிகிறார், என்ன ஆயிற்றோ என்று அவர் வீட்டில் கவலைப்படுகிறார்களாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவுக்கே உன்னைத் தலைவியாக்குகிறார்கள், ஆனால் சம்பளம் கூடினால் வரியில் அடுத்த படிக்குப் போய்விடும், மொத்தத்துக்கும் கூடுதல் வரி பிடித்தால் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகத்தான் கையில் நிற்கும், அதனால் வேண்டாமென்று சொல்லி நம் ஊர்க் கிளைக்கே மாற்றல் வாங்கிக்கொள்கிறேன் என்றாய். எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்த கணக்குதான்ப்பா என்று வேறு சொன்னாய். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அம்மா அன்றைக்கே உன் அறையை ஒழித்துப் பெருக்கிவிட்டாள்.

என் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. ஒவ்வொரு வருடமும் பத்தாம் மாதம் முடிந்ததும், வருமானம் அடுத்த வரிப் படியின் கோட்டை நெருங்கிவிட்டது என்று பல் செட் செய்யும் பட்டறையைப் பூட்டிவிடுவேன். மெழுகில் பாதி பதித்த பற்கள் அலமாரியில் இளித்துக்கொண்டு கிடக்கும், இதே பாட்டு வாத்தியார் ஒருமுறை இரண்டு மாதம் எதையும் மெல்லாமல் விழுங்கியே காலம் தள்ளினார். ஊரே உழைத்து ஏமாறுகிறது, நான் ஒருவன்தான் விவரமானவன் என்று நினைப்பு.

செவ்வாய்க்கிழமை வரி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்ட்டரில் உன் வயதில் ஒரு பெண். ஏன் சார், வருஷா வருஷம் பத்து மாசத்தோட வருமானம் நின்னுடுது, உடம்புக்கு முடியலையா என்று அக்கறையாகக் கேட்டாள். நான் மார்தட்டிக்கொண்டு ரகசியத்தைச் சொன்னேன். அவள் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லுங்க சார் என்றாள், நானும் சொன்னேன். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளில் படிக்கட்டு வரைந்து, கோட்டுக்கு மேல வர்றதுக்கு மட்டும்தான் சார் கூட வரி, கீழ இருக்கறத யாரும் தொட மாட்டாங்க என்றாள். அதாவது நான் செய்யும் பத்தாவது செட் கோட்டைத் தாண்டினால் அந்த ஒன்றுக்குத்தான் கூடுதல், முதல் ஒன்பதும் பழைய வரியில்தான். படி ஏறியதால் யாருக்கும் கையில் குறையாதாம். பத்தொன்பது வருடம், வருடத்துக்கு இரண்டு மாதம், நீயே கூட்டிப்பார், மூன்று வருடத்துக்கு மேல் வெட்டியாக விரலைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்காகச் சட்டத்தைச் சும்மா விடவும் மனமில்லை. ஏற ஏறக் கூடும் என்றால் மனுஷன் ஏற யோசிக்கத்தானே செய்வான்? கூடுதலாக உழைக்கும் உழைப்புக்கு வரியைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கட்டும், என்னைப் போன்றவன்கூட இன்னும் நாலு செட் செய்வான், அரசாங்கத்துக்கும் அதில் பங்கு போகும் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா பஸ் கண்டக்டராக இருந்தவள் அல்லவா, அப்ப நிறைய சம்பாதிக்கிறவன் குறைச்சுக் கட்டுவான், ரோட்டுக் குழிய யாரு மூடறது, நீங்க மெழுகு வெச்சு மூடுவீங்களா என்று பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு, பெரிய படிகளுக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் படிகளாக நிறைய வைக்கலாம் என்று சமாதானமாகியிருக்கிறோம். எங்கள் முடிவைக் கேட்டுப்போக நிதி அமைச்சர் இன்னும் ஆள் அனுப்பவில்லை.

இதைச் செவ்வாய்க்கிழமையே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான்கு நாள் உன்னிடம் மறைத்து வைத்திருந்தேன். பதவியை ஏற்றால் இன்னும் மூன்று வருடம் நீ அங்கேதான், வேண்டாமென்றால் அடுத்த மாதமே வீட்டுக்கு வந்துவிடுவாய். என் முட்டாள்தனம் உன் தலையில் அப்படியே இருந்தால் எனக்கு மகள் கிடைப்பாள், ஆசை யாரை விட்டது. அம்மாதான் இன்று காலை பேனாவைக் கையில் திணித்து, எனக்கும் அவ பக்கத்துல இருந்தா நல்லாத்தான் இருக்கும், அதுக்காக நீங்க பட்டறைய பூட்டின மாதிரி அவளையும் பூட்டச் சொல்லுவீங்களா, எழுதுங்க என்றாள். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாயே, கடிதம் அதற்குள் வந்துவிடும்.

எக்ஸ்ரே அறையில் கவசத்தைப் போட்டுக்கொள்ள மறக்காதே, தலைவியானாலும் போட்டுக்கொள். நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசீர்வாதம். எங்களைப் பார்க்க ஆசையாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் வா, வரிக்குப் பயந்து மட்டும் வராதே.

இப்படிக்கு,
கணக்கைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்த
உன் அப்பா