டிஸ்க் யாருடையது

கண்டி, ஜூன் 2007, வியாழன்.

நான் வாங்கிய வெளி டிஸ்கிலிருந்து பழைய கொம்பியூட்டர் தொடங்கவே மறுத்தது. வயரை மாற்றினேன். எந்த டிஸ்கிலிருந்து முதலில் தொடங்குவதென்ற வரிசையையும் மாற்றிப் பார்த்தேன். அந்நேரம் பொலிஸார் வீட்டைச் சோதிக்க வந்து, டிஸ்கில் இருப்பதைக் காட்டச் சொன்னார்கள். திரை கறுப்பாகவே கிடந்தது. யாருடையதென்று அதட்டியதும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் மனைவியின் தம்பி சிவாவைக் காட்டினேன்.

"ஓம் சேர், என்ரதான்," என்றான் அவன். அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மாலையில் விட்டார்கள். கன்னம் வீங்கியிருந்தது.

"அவங்கட கொம்பியூட்டரில உடன வேலை செய்தது, அத்தான். உங்கட மெஷின்தான் கிழடு," என்று சிரித்தான். "இந்தாங்கோ, உங்கட சாமான்."

வாங்கக் கை நீளவில்லை. மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.