மூட்டைக்குள் விட்ட கை

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகிர்தா எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? சென்னையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு விஷயம், போனில் சொன்னால் அம்மா அழும், அதனால்தான் கடிதம்.

போன வாரம் நான் பயிற்சியில் இருக்கும் ஆடிட் கம்பெனியிலிருந்து ஒரு பருப்புக் குடோனுக்கு மூட்டை எண்ண அனுப்பினார்கள். திருநள்ளாற்றுக் கோயில் வாசலில் என் எள் விளக்குக் கடைக்கு எள் வாங்கிய பழக்கத்தில், பின்வரிசை மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டேன். மேலே பருப்பு, உள்ளே உமி. தாளில் அப்படியே எழுதினேன்.

சீனியர் அன்பழகன் சிரித்தார். "எண்ணச் சொன்னா எண்ணும்மா. உள்ள கைய விடச் சொன்னது யாரு? நீ என்ன வியாபாரியா?"

"ஆமா சார்."

அந்த வரியை அடிக்கச் சொன்னார். நான் அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து மற்றவர்கள் வெளிவேலைக்குப் போகிறார்கள். நான் தனியாகப் பழைய ஃபைல்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன். பயிற்சி முடிந்ததும் இங்கேயே வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்தோம். இனி கிடைக்காது என்றுதான் படுகிறது.

கவலைப்படாதீர்கள். அம்மா கையால் இடித்த எள்ளுப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். சாப்பாட்டு நேரம் முடிகிறது, நிறுத்துகிறேன். என் கடை இடத்தைத் தங்கப்பன் மாமா கேட்டாரே, அவருக்கு இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை என்றால், கொடுக்க வேண்டாம்.

உங்கள் மகள்,
சுகிர்தா